வரவே மாட்டான்: ஸ்பானிஷில் ‘ஒருநாளும் இல்லை’

“ஆச்சி ஒருநாளும் காப்பி குடிக்க மாட்டாவ.”

பாளையங்கோட்டையில் எந்த வீட்டு முற்றத்திலும் காதில் விழக்கூடிய பேச்சு. இதை ஸ்பானிஷில் எழுதச் சொன்னால் இரண்டு வகைத் தப்பு வரும். ஒன்று, ‘லா அபுவேலா நுன்கா நோ தோமா கஃபே’. இன்னொன்று, ‘லா அபுவேலா தோமா நுன்கா கஃபே’. முதலாவது தமிழில் யோசித்து எழுதியது. இரண்டாவது ஆங்கில வழியில் ஸ்பானிஷ் படித்தவர் எழுதியது. பின்னால் சொல்லப்போகும் எல்லாமே இந்த இரண்டு தப்புக்கும் நடுவில் போகிற பாதைதான்.

சரியான வடிவங்கள் இரண்டு:

‘லா அபுவேலா நுன்கா தோமா கஃபே.’
‘லா அபுவேலா நோ தோமா நுன்கா கஃபே.’

இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். ‘தோமா’தான் வினை, ‘நோ’ என்றால் ‘இல்லை’, ‘நுன்கா’ என்றால் ‘ஒருநாளும் இல்லை’. விதியும் சின்னது. வினைச்சொல்லுக்கு முன்னால் எதிர்மறைச் சொல் ஒன்று கட்டாயம் நிற்க வேண்டும். ‘நுன்கா’ முன்னால் நின்றால் அதுவே போதும், ‘நோ’ வராது. ‘நுன்கா’ வினையைத் தாண்டிப் பின்னால் போய்விட்டால் முன்னிடம் காலியாகிவிடும். அந்த இடத்துக்கு ‘நோ’ வந்தே தீர வேண்டும். திருநெல்வேலியில் பனி பெய்யாது என்பதற்கும் இதே கணக்கு: ‘என் திருநெல்வேலி நுன்கா நியேவா’, அல்லது ‘என் திருநெல்வேலி நோ நியேவா நுன்கா’. (இங்கே ‘என்’ நம் ‘என்’ அல்ல; ஸ்பானிஷில் அதற்கு ‘இல்’ என்று பொருள்.)

உச்சரிப்பை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதுவதால். ‘நுன்கா’வில் உள்ள ‘கா’ வல்லினமாகவே ஒலிக்கும். ‘நுங்கு’ மாதிரி மெல்லெனச் சொன்னால் பனங்காய் நினைவுதான் வரும், ஸ்பானியருக்குப் புரியாது. வ என்று எழுதியிருப்பது சொல் முதலில் இரண்டு உதடும் ஒட்டி, ‘பஸ்’ஸில் வரும் ப போல ஒலிக்கும். ‘வோய்’ என்றால் ‘போகிறேன்’. வாயால் சொன்னால் நம்முடைய ‘போய்’க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தற்செயல்தான், ஆனால் மறக்காது. ஸ, ச எல்லாம் தென்னமெரிக்க உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன்.

இப்போது முதல் தப்புக்கு வருவோம். தமிழில் ‘ஒருநாளும்’, ‘ஒருபோதும்’, ‘ஒருக்காலும்’ எதற்குள்ளும் ‘இல்லை’ கிடையாது. ‘ஒருநாள்’ என்பதோடு ‘உம்’ சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. மறுக்கிற வேலை முழுவதும் வினையின் வாலில் நடக்கிறது: மாட்டாவ, இல்லை, வதில்லை, ஆது. இடையன்குடியில் இறைப்பணி செய்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலும், வினையே எதிர்மறை வடிவம் கொள்வது இந்த மொழிகளின் தனித்தன்மைகளில் ஒன்றாகக் காட்டப்பட்டிருக்கிறது. அதனால்தான் ‘ஒருநாளும்’ எங்கே நின்றாலும் வினை மறுத்தே ஆக வேண்டும் என்று நம் கை எழுதிப் பழகியிருக்கிறது.

‘நுன்கா’ அப்படியல்ல, மறுப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. சோதித்துப் பார்க்க ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிப் பாருங்கள். “காப்பி குடிப்பீங்களா?” என்று கேட்டவரிடம் “ஒருநாளும்” என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், மிச்சத்தையும் சொல்லட்டும் என்று காத்திருப்பார். ஸ்பானிஷில் ‘நுன்கா’ என்று சொல்லி வாயை மூடிக்கொள்ளலாம். பதில் முடிந்தது.

‘நுன்கா நோ தோமா’ என்று சொன்னால் என்ன ஆகும்? கேட்பவருக்கு முதலில் தடுக்கும். வலிந்து பொருள் கொண்டால் ‘குடிக்காமல் இருந்ததே இல்லை’ என்று தலைகீழாகிவிடும். இதில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. பழைய ஸ்பானிஷில் ‘யாரும்’ என்ற சொல் முன்னால் வந்த பிறகும் ‘நோ’ வருவது வழக்கத்தில் இருந்தது. பார்சலோனா பக்கத்துக் கத்தலான் மொழியில் இன்றைக்கும் அப்படிச் சொல்லலாம். நம் தப்பு அறிவுகெட்ட தப்பு இல்லை, ஊரும் காலமும் மாறிப்போன தப்பு.

இரண்டாவது தப்பு வேறு ரகம். ஒரு வாக்கியத்தில் இரண்டு மறுப்பு வந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும் என்று பள்ளிக்கூட ஆங்கிலம் நம்மை மிரட்டி வைத்திருக்கிறது. அந்தப் பயத்தில் ‘நுன்கா’ பின்னால் போனாலும் ‘நோ’வை விட்டுவிடுகிறார்கள். இங்கே ஆங்கிலத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டுத் தமிழை நினைப்பதே மேல். ‘யாரும் வரல’, ‘ஒண்ணும் சொல்லல’ என்பதில் நமக்கு எந்த உறுத்தலும் இல்லையே. ‘நோ தோமா நுன்கா’வும் அதே குடும்பம்.

இனி, பாடப்புத்தகங்கள் சொல்லாத ஒன்று. உண்மையில் நாம் பேச்சில் ‘ஒருபோதும்’ என்று எத்தனை தடவை சொல்கிறோம்? மேடைப் பேச்சில் சொல்லலாம். வீட்டில் “அவன் வரவே மாட்டான்”, “நான் அந்தப் பக்கம் போறதே இல்ல”, “ஆச்சி காப்பியத் தொடவே மாட்டாவ” என்றுதான் வரும். ‘நுன்கா’வின் வேலையை ஒரே ஒரு ஏகாரம் செய்துவிடுகிறது. மொழிபெயர்க்கும்போது கண் தனிச்சொல்லைத் தேடும்; ஏகாரம் கண்ணில் படாது. ‘போறதே இல்ல’ என்பது வெறும் ‘நோ வோய்’ ஆகிவிடும். அதற்குப் பொருள் ‘போகவில்லை, போகப்போவதில்லை’ அவ்வளவுதான். ‘ஒருநாளும் இல்லை’ என்ற அழுத்தம் காணாமல் போய்விடும். எனவே மறுக்கும் வினைக்கு முன்னால் ஏகாரம் நின்றால், அங்கே ஒரு ‘நுன்கா’ ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் இப்படி வரும்:

போறதே இல்ல: ‘நோ வோய் நுன்கா’.
போனதே இல்ல: ‘நோ ஏ ஈதோ நுன்கா’.
அந்த வருசம் போகவே இல்ல: ‘நோ ஃபூய் நுன்கா’.
போகவே மாட்டேன்: இதில்தான் கவனம் வேண்டும். வழக்கத்தைச் சொன்னால் ‘நோ வோய் நுன்கா’. இனிமேல் போகப்போவதில்லை என்று சபதம் போட்டால் ‘நோ இரே நுன்கா’. தமிழ் ‘மாட்டேன்’ இரண்டுக்கும் பொது. ஸ்பானிஷ் இரண்டையும் பிரித்துவிடும்.

எதிர்மறைப் பெயரெச்சத்திலும் ‘நுன்கா’ ஒளிந்திருக்கும். தாமிரபரணியை ‘வற்றாத நதி’ என்கிறோம். இதில் ‘ஒருநாளும்’ என்ற சொல்லும் இல்லை, ஏகாரமும் இல்லை. ஆனாலும் ஸ்பானிஷில் ‘ஊன் ரீயோ கே நுன்கா சே சேகா’ என்று சொன்னால்தான் பொருள் நிறையும். ‘கே நோ சே சேகா’ என்றால் ‘வற்றாமல் இருக்கிற ஆறு’ என்கிற அளவில் நின்றுவிடும்.

பின்னால் போன ‘நுன்கா’ எந்த இடத்தில் உட்காரும் என்பதில் கொஞ்சம் தாராளம் உண்டு. ‘நோ தோமா நுன்கா கஃபே’ என்றும் சொல்லலாம், ‘நோ தோமா கஃபே நுன்கா’ என்றும் சொல்லலாம். ஆனால் ‘ஏ ஈதோ’ மாதிரி இரண்டு துண்டாக வரும் வினைக்கு நடுவில் எதையும் நுழைக்காதீர்கள். ‘நோ ஏ நுன்கா ஈதோ’ தப்பு. ‘அவனை’, ‘அதை’ என்று வரும் குட்டிச் சொற்கள் வினையோடு ஒட்டியே நிற்கும்; ‘நோ’வோ ‘நுன்கா’வோ அவற்றுக்கும் முன்னால் போக வேண்டும். ‘நுன்கா லோ வேயோ’ சரி, ‘நோ லோ வேயோ நுன்கா’ சரி, ‘லோ நுன்கா வேயோ’ தப்பு.

கட்டளையிடும்போது வினை வடிவமே மாறும். “ஏல, ஒருநாளும் லேட்டா வராத” என்பதற்கு ‘நுன்கா யேகேஸ் தார்தே’ அல்லது ‘நோ யேகேஸ் நுன்கா தார்தே’. பழக்கதோஷத்தில் ‘நுன்கா யேகா தார்தே’ என்று சொல்லிவிட்டால் அது கட்டளையாக இருக்காது. ‘அவன் ஒருநாளும் லேட்டா வர மாட்டான்’ என்று பையனுக்கு நற்சான்றிதழ் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது ‘எப்பவும்’. இது உண்மையிலேயே குழி.

“அவன் எப்பவும் வீட்ல இருக்க மாட்டான்” என்றால், எந்த நேரம் போனாலும் ஆள் கிடைக்க மாட்டான் என்று பொருள். “குத்தாலத்துல எப்பவும் தண்ணி விழாது” என்றால், சீசன் நேரத்தில் விழும், வருசம் பூராவும் எதிர்பார்க்காதே என்று பொருள். இரண்டிலும் சொல் ஒன்று, வினையும் எதிர்மறை, பொருளோ வேறு. நாம் குரலை ஏற்றி இறக்கியும் ஊர் விவரம் தெரிந்தும் சமாளித்துவிடுகிறோம். ஸ்பானிஷ் இதைச் சொல்லிலேயே பிரிக்கிறது. முதலாவது ‘நுன்கா எஸ்தா என் காசா’. இரண்டாவது ‘என் குத்தாலம் நோ சியெம்ப்ரே ஆய் ஆகுவா’. ‘சியெம்ப்ரே’ என்றால் ‘எப்போதும்’. அதன் தலையில் ‘நோ’ வைத்தால் ‘எப்போதும் என்று சொல்ல முடியாது, சில நேரம் உண்டு’ என்று ஆகும். ‘நோ ஆய் ஆகுவா சியெம்ப்ரே’ என்று பிரித்து வைத்தாலும் அதே பொருள்தான். குத்தாலத்துக்கு ‘நுன்கா ஆய் ஆகுவா’ என்று எழுதிவிட்டால் அருவிக்கே அவமானம்.

ஆகவே ‘எப்பவும்... இல்ல’ என்று மனதில் வந்தால் ஒரு நொடி நிறுத்தி, ‘சில நேரமாவது உண்டா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். உண்டு என்றால் ‘நோ சியெம்ப்ரே’. கிடையாது என்றால் ‘நுன்கா’. தமிழ் வரிசையை அப்படியே தூக்கி ‘சியெம்ப்ரே நோ’ என்று போட்டுவிடாதீர்கள். மெக்சிகோவில் அதற்கு வேறு பொருளே உண்டு: ‘முதலில் வருவதாக இருந்தது, கடைசியில் இல்லை என்று ஆகிவிட்டது’. கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொன்னவர் ‘சியெம்ப்ரே நோ வோய்’ என்றால் மனசு மாறிவிட்டது, இலையைக் குறைத்துப் போடலாம்.

‘நோ’ எந்தச் சொல்லை மறுக்கிறது என்பதுதான் இங்கே எல்லாவற்றுக்கும் அடிப்படை. “பல தடவ வீட்ல சாப்பிடல” என்பதையும் பாருங்கள். வெளியில் சாப்பிட்ட நாட்கள் பல என்றால் ‘முச்சாஸ் வேஸேஸ் நோ கோமோ என் காசா’. வீட்டில் சாப்பிடுகிற தடவைகள் அதிகமில்லை என்றால் ‘நோ கோமோ முச்சாஸ் வேஸேஸ் என் காசா’. ‘நோ’வுக்கு முன்னால் நிற்பது அதன் பிடியில் சிக்காது, பின்னால் நிற்பது சிக்கும். ‘தினமும் சந்தைக்குப் போறதில்ல’ என்று சொல்லும்போது, சில நாள் போவதுண்டு என்றால் ‘நோ வோய் அல் மெர்காதோ தோதோஸ் லோஸ் தீயாஸ்’ என்று ‘தினமும்’ பின்னால் போக வேண்டும். ‘ஆ வேஸேஸ்’, அதாவது ‘சில நேரம்’, மட்டும் இந்தப் பிடியில் விழாது. ‘ஆ வேஸேஸ் நோ ஆய் ஆகுவா’ என்றால் சில நேரம் தண்ணி இருக்காது. தமிழிலும் அப்படியே என்பதால் அதில் யாருக்கும் சிக்கல் வருவதில்லை.

‘அனேகமாக இல்லை’ என்பதற்கு ‘காசி நுன்கா’. ‘காசி’ என்றால் ‘கிட்டத்தட்ட’. தென்காசிக்காரர்களுக்கு இந்தச் சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. நம் ஊரில் குளிரடிப்பது அபூர்வம் என்பதை ‘அகீ காசி நுன்கா ஆஸே ஃப்ரீயோ’ அல்லது ‘அகீ நோ ஆஸே ஃப்ரீயோ காசி நுன்கா’ என்று சொல்லலாம். விதி ‘நுன்கா’வுக்கு உள்ளதேதான். ‘காசி நோ’ என்பது வேறு. அது பெரும்பாலும் அளவைக் குறைக்கும். ‘காசி நோ துவெர்மோ’ என்றால் தூக்கமே சரியாக இல்லை. ‘காசி நுன்கா துவெர்மோ அகீ’ என்றால் இங்கே படுத்துத் தூங்குவது அபூர்வம்.

‘ராரா வெஸ்’ இதிலிருந்து விலகி நிற்கிற ஆள். ‘அபூர்வமாக’, ‘எப்பவாவது ஒருக்கா’ என்று பொருள். இதற்கு ‘நோ’ எந்த இடத்திலும் தேவையில்லை: ‘ராரா வெஸ் கோமோ கார்னே’, அபூர்வமாகத்தான் கறி சாப்பிடுவேன். வினைக்குப் பின்னால் வந்தாலும் ‘கோமோ கார்னே ராரா வெஸ்’தான். ‘நுன்கா’ விதியைப் புதிதாகப் படித்த உற்சாகத்தில் ‘நோ கோமோ கார்னே ராரா வெஸ்’ என்று எழுதுவது மூன்றாவது வாரத்துத் தப்பு. நல்லவேளை, தமிழிலும் ‘அபூர்வமாத்தான் சாப்பிடுவேன்’ என்று வினை உடன்பாட்டிலேயே வருகிறது; அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘கறி அவ்வளவா சாப்பிட மாட்டேன்’ என்று மனதில் ஓடினால் ‘ராரா வெஸ்’ பக்கம் போக வேண்டாம். ‘நோ கோமோ முச்சா கார்னே’ என்று முடித்துவிடலாம். ‘ராராமெந்தே’ என்றும் ஒரு சொல் உண்டு. அதற்கு ‘விசித்திரமாக’ என்ற பொருளும் இருப்பதால் பேச்சுக்கு ‘ராரா வெஸ்’ஸையே சிபாரிசு செய்வேன்.

‘ஒரு தடவைகூட இல்லை’ என்பதற்கு ‘நி ஊனா சோலா வெஸ்’. இது ‘நுன்கா’ மாதிரியே நடக்கும். ‘நோ ஆ யமாதோ நி ஊனா சோலா வெஸ்’ என்றால் ஒருக்காகூடப் போன் பண்ணவில்லை. முன்னால் கொண்டுவந்தால் ‘நோ’ போய்விடும்: ‘நி ஊனா சோலா வெஸ் ஆ யமாதோ’. இரண்டாவதில் மனக்குறை கொஞ்சம் தூக்கலாகவே தெரியும்.

‘இன்னும் இல்லை’க்கு ‘தோதவியா நோ’, முன்பு உண்டு இப்பம் இல்லை என்பதற்கு ‘யா நோ’, இனி ஒருநாளும் இல்லை என்பதற்கு ‘நுன்கா மாஸ்’. வண்டி இன்னும் வரவில்லை என்றால் ‘எல் த்ரென் தோதவியா நோ ஆ யேகாதோ’. புகைப்பதை விட்டுவிட்டேன் என்றால் ‘யா நோ ஃபூமோ’. அர்ஜென்டினாவில் இதையே ‘நோ ஃபூமோ மாஸ்’ என்பார்கள். இங்கே தமிழரை வழுக்க வைப்பது ஒன்றும் இல்லை.

‘நானும் போறதே இல்ல’ என்பதில் வழுக்கும். நம் ‘உம்’முக்கு ‘தம்பியென்’ என்று படித்திருப்போம். அது உடன்பாட்டுக்கு மட்டும். மறுக்கும்போது ‘தம்போகோ’தான்: ‘யோ தம்போகோ வோய் நுன்கா’. ‘தம்போகோ’வே முன்னால் நின்று மறுத்துவிட்டதால் ‘நோ’ வேண்டாம். ‘யோ தம்பியென் நோ வோய்’ என்பது பரீட்சைத் தாளில் சிவப்பு மையைத் தேடி வாங்குகிற வழி.

எதிர்மறைச் சொற்கள் பல சேர்ந்து வரும்போது தமிழருக்குக் கொண்டாட்டம். “யாரும் என்கிட்ட ஒருநாளும் ஒண்ணும் சொன்னதில்ல.” யாரும், ஒருநாளும், ஒண்ணும் என்று மூன்று இருந்தாலும் மறுப்பு ஒன்றுதான். ஸ்பானிஷிலும் அதே மூன்று: ‘நாதியே மே தீஹோ நுன்கா நாதா’. ‘நாதியே’ என்றால் ‘யாரும் இல்லை’. நாதியத்தவன் என்று சொல்கிற ஊரில் இந்தச் சொல்லை மறக்க வழியில்லை. ‘நாதியே’யைப் பின்னால் தள்ளிவிட்டு ‘நுன்கா மே தீஹோ நாதியே நாதா’ என்றும் சொல்லலாம். மூன்றையும் பின்னால் தள்ளினால் முன்னால் ‘நோ’ வரும்: ‘நோ மே தீஹோ நுன்கா நாதியே நாதா’. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நமக்கு வீட்டுப் பேச்சு.

கேள்வியில் ‘எப்பவாவது’ என்பதற்கு ‘ஆல்கூனா வெஸ்’. ‘ஆஸ் கோமீதோ ஆல்கூனா வெஸ் அல்வா?’ என்றால் நீ எப்பவாவது அல்வா தின்றிருக்கிறாயா என்று சாதாரணமாகக் கேட்பது. ‘நோ ஆஸ் கோமீதோ நுன்கா அல்வா?’ என்றால் “அல்வா தின்னதே இல்லையா!” என்று வாயைப் பிளப்பது. இதற்குப் பதில் சொல்லும்போது இன்னொரு வம்பு உண்டு. தமிழில் “ஆமா அண்ணாச்சி, தின்னதே இல்ல” என்று கேட்டவரை ஒத்துக்கொண்டே மறுக்கலாம். ஸ்பானிஷில் ‘சீ, நுன்கா’ என்றால் குழப்பம். ‘நோ, நுன்கா’ என்றே தொடங்க வேண்டும்.

‘ஹமாஸ்’ என்று ஒரு சொல் உண்டு. செய்தித்தாளில் வரும் பெயரோடு சம்பந்தம் கிடையாது. ‘நுன்கா’வின் அதே பொருள், அதே விதி, அழுத்தம் மட்டும் கூடுதல், நம் ‘ஒருக்காலும்’ மாதிரி. இரண்டையும் சேர்த்து ‘நுன்கா ஹமாஸ்’ என்றும் அடித்துச் சொல்வார்கள், இதே வரிசையில். ஆனால் ‘போர் சியெம்ப்ரே ஹமாஸ்’ என்றால் ‘என்றென்றைக்கும்’. லத்தீனில் ‘இனி, மேலும்’ என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து பிறந்த இந்தச் சொல்லில் முதலில் மறுப்பே கிடையாது. அந்தப் பழைய வாசனை இந்தத் தொடரில் மிஞ்சி நிற்கிறது. ‘நுன்கா’வும் ஒப்பிடும்போது மறுப்பதில்லை: ‘எஸ்தே ஆஞ்ஞோ யுவேவே மாஸ் கே நுன்கா’ என்றால் ‘இந்த வருசம் முன்னெப்போதும் இல்லாத மழை’.

இதற்கு நேர்மாறாக, எதிர்மறைச் சொல் ஒன்றுகூட இல்லாமல் மறுக்கிற தொடரும் உண்டு. ‘என் மி வீதா’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘என் வாழ்க்கையில்’. இதை வினைக்கு முன்னால் வைத்து ‘என் மி வீதா ஏ விஸ்தோ தாந்தா ஆகுவா’ என்றால், ‘என் ஆயுசுல இவ்வளவு தண்ணியப் பாத்ததே இல்ல’ என்று பொருள். ‘நோ’வைத் தேட வேண்டாம். முன்னால் நிற்கிற அந்த இடமே மறுத்துவிடுகிறது. அதையே பின்னால் கொண்டுபோனால் ‘நோ ஏ விஸ்தோ தாந்தா ஆகுவா என் மி வீதா’ என்று ‘நோ’ திரும்ப வந்துவிடும். குத்தாலம் மெயின் அருவியில் வெள்ளம் போகும்போது எந்த வடிவத்தைச் சொன்னாலும் சரி, ‘நோ’வின் கணக்கை மட்டும் தவற விடாதீர்கள்.